ஆஸ்பத்திரி வாசலில் சொல்லக்கூடாத ‘போயிட்டு வாங்க’

போன மாதம் முழங்கால் வலிக்காகப் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, குளுகுளு ஏசி என்று எல்லாம் அமர்க்களமாக இருந்தது. பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் கடைசி வரியில் ‘தேங்க் யூ, விசிட் அகைன்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். துணிக்கடையில் போடுகிற வரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் பயந்துவிட்டாள். “என்ன மேடம், அமவுன்ட் தப்பா இருக்கா?” என்றாள்.

“அமவுன்ட் சரிதாம்மா. இந்த வரிய எங்க மேட்ரன் பார்த்திருந்தா உங்கள எல்லாம் ‘வாங்க, போங்க’ன்னு மரியாதையா கூப்பிட்டிருப்பாங்க. அதை நெனச்சேன்” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க எனக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியில் எனக்குப் பின்னால் வந்த பெண்கள் ரொம்ப நாளாக “ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்” என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சரி, இதையே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது கோலார் தங்க வயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. கல்யாணமாகிப் பெங்களூர் வந்து, தொண்ணூற்றொன்றில் பிரேசர் டவுன் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. “லட்சுமி” என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள், அதனால் “ஈஜிபுரா லட்சுமி” என்று ஊர் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அழுகிறவர்களிடம் முதலில் பெயர் கேட்கக் கூடாது, உட்காரச் சொல்ல வேண்டும். தமிழில் கேட்டால் தமிழ், கன்னடத்தில் கேட்டால் கன்னடம், உருதுவில் கேட்டால் கையைக் காலை ஆட்டியாவது பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் நான் கற்றது. சில வருடத்தில் முன்கூடம் முழுக்க என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

எங்கள் மேட்ரன் பெயர் ஸ்டெல்லா. பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். ரப்பர் செருப்பு போட்டிருப்பார், வருவது யாருக்கும் கேட்காது. பேசும்போது சேலைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார், ஆனால் அந்தக் கண்ணாடியை அவர் மாட்டி நான் அதிகம் பார்த்ததில்லை. டாக்டரைத் தவிர எல்லாரையும் ‘நீ, வா, போ’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ‘நீ’யில் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஏனென்றால் அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். என்னை “சரோஜா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க” என்று கூப்பிட்டால் தீர்ந்தது கதை. வெளியே வரும்போது நமக்கே நம் பெயர் மறந்திருக்கும்.

நான் பொறுப்புக்கு வந்த பிறகுதான் பள்ளிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ‘ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பாடத்திட்டத்தில் ஒன்று வைத்திருந்தார்கள். தசராவுக்கு முன்னால் இரண்டு வாரம் வெளியே ஏதாவது ஓரிடத்தில் வேலை பழக வேண்டும். சிலர் தபால் ஆபீஸ், சிலர் பேக்கரி, ஆறேழு பேர் எங்களிடம். முன்கூடம் என் பொறுப்பு என்பதால் அவர்களும் என் தலையில்.

எங்கள் ஆயா கெம்பம்மாவுக்கு அந்த நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. பாதியை வெட்டிவிட்டார். காலையில் வந்ததும் “மேடம், எக்ஸ்பீரியன்ஸ் பந்த்தா?” என்று கன்னடத்தில் கேட்பார், வந்தாச்சா என்று அர்த்தம். பழக்கமே இல்லாத பிள்ளைகளுக்கு ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பெயர் வைத்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். கடைசியில் டாக்டர்களும் “ரெண்டு எக்ஸ்பீரியன்ஸ இந்தப் பக்கம் அனுப்புங்க” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் நாள் பாடம் சக்கர நாற்காலி. தள்ளுவது அப்புறம், முதலில் அவர்கள் அதில் உட்கார வேண்டும். ஒருத்தியை உட்காரவைத்து இன்னொருத்தி கூடத்தைச் சுற்றித் தள்ளுவாள். அடுத்தவர் கையில் தன் உடம்பை ஒப்படைத்தால் வயிற்றில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அப்புறம் பிரேக். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக் போட்டிருக்க வேண்டும், கால் பலகையை மடக்கியிருக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நாம் முன்னால் பின்நடையாக இறங்க வேண்டும். நேராக இறக்கினால் நோயாளி முன்பக்கம் சறுக்கிவிடுவார். ஊசி, மருந்து எதையும் தொடக் கூடாது. வார்டு கிரில்லைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குப் போகிற நோயாளியை வாசல்வரை கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அந்த வேலைக்குத்தான் பெரிய போட்டி. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள், கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கூட்டத்தில் ஜெயந்தி என்று ஒரு பெண். எங்கள் ஊர்ப் பெண். சுரங்கத்தில் வேலை சுருங்கச் சுருங்க எத்தனையோ குடும்பம் பெங்களூருக்கு இடம் மாறியது. அவள் அப்பாவும் அப்படி ஈஜிபுராவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு வந்து, ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்திருந்தார். ஜெயந்தி அதிகம் பேசமாட்டாள். ஆனால் நர்ஸாக வேண்டும் என்பதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். “மத்தவங்க சீட்டு குலுக்கிப் போட்டு இங்க வந்தாங்க மேடம். நான் கேட்டு வாங்கிக்கினு வந்தேன்” என்றாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ‘போயிட்டு வரேன்’ என்போம். கன்னடக்காரர்களும் ‘ஹோக் பர்த்தீனி’ என்பார்கள், அதே அர்த்தம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இந்த மரியாதை தலைகீழ். குணமாகி வீட்டுக்குப் போகிறவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்று யாராவது சொல்வார்களா? “போங்க, நல்லா இருங்க” என்று கெம்பம்மா சொல்வார். நோயாளிகளும் ‘வரேன்’ என்று சொல்லமாட்டார்கள், தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள். மேட்ரன் சகுனம் எல்லாம் மூடநம்பிக்கை என்று அடித்துச் சொல்லுவார். ஆனால் அவர் வாயிலிருந்தும் அந்த வாசலில் ‘வாங்க’ வந்து நான் கேட்டதில்லை.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. மற்ற பெண்கள் எல்லாம் “பை அங்கிள், பை ஆன்ட்டி” என்று கையாட்டிவிடுவார்கள், அதில் ஒரு வம்பும் இல்லை. ஒழுங்காக வளர்த்த பெண்ணிடம்தான் வம்பு வந்தது.

ஒக்கலிபுரத்திலிருந்து கோவிந்தசாமி என்று ஒரு மில் தொழிலாளி, ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி. காலில் சீழ் வைத்த புண்ணைக் கிழித்துச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினோம். வியாழக்கிழமை வந்து கட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயந்திதான் நாற்காலியைத் தள்ளிப்போனாள். சரிவில் அழகாகத் திருப்பிப் பின்நடையாக இறக்கினாள். பிரேக் போட்டாள், கால் பலகையை மடக்கினாள், கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். எல்லாம் முடித்து இரண்டு கையையும் கூப்பி, “போயிட்டு வாங்க தாத்தா. போயிட்டு வாங்க பாட்டி” என்றாள்.

அந்தப் பாட்டி, கோவிந்தசாமியின் மனைவி ராஜம்மா, ஆட்டோவிலிருந்து மறுபடி கீழே இறங்கினார்.

“இன்னாடி சொன்ன? திரும்பி வரணுமா? இங்கயா? அந்த மனுசன் கால் நோவு போறாதுன்னு நீ வேற வாய வைக்கிறியா?” என்று ஆரம்பித்தவர், கண்ணேறு கழிக்க ஜெயந்தியின் காலடி மண்ணை எடுக்கக் குனிந்தார். எங்கள் வாசலில் ஏது மண்? மொசைக் தரை. கெம்பம்மா அப்போதுதான் துடைத்தும் வைத்திருந்தார். ராஜம்மா விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், ஒரு பொட்டு தூசி கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து, நாலு வசவு கூடப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஜெயந்தி மட்டும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவர்கள் வரவில்லை. மத்தியானம் போன் செய்தேன். வீட்டில் போன் கிடையாது, தெருமுனை அரிசிக் கடை நம்பரைக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் ஆளனுப்பி விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: “அந்தம்மா வரமாட்டாங்களாம் மேடம். உங்க ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு திரும்பி வான்னு சொல்லிடுச்சாம். வந்தா அந்தப் பேச்சு பலிச்ச மாதிரி ஆயிடுமாம். வேற இடமும் போறதில்ல, மஞ்சப் பத்து போடறாங்களாம்.”

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. “அந்தக் கட்ட நான் பிரிச்சுப் பார்க்கணும். உள்ள மறுபடி சீழ் கட்டியிருந்தா விரலோட நிக்காது, கால் போயிடும்” என்றார். வீட்டுக்கே நர்ஸை அனுப்பலாமா என்று கேட்டேன். “கிழிக்கணும்னா நர்ஸ் என்ன பண்ணுவாங்க?” என்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று மேட்ரன் சொன்னார்: “சரோஜா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க.”

உள்ளே போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். “உங்க எக்ஸ்பீரியன்ஸ் பிள்ளைங்க நமக்கு நோயாளிய கொண்டு வராட்டி பரவாயில்லைங்க. வர்ற நோயாளிய வராம பண்றாங்களே. நாளைக்கு அந்த மனுஷன் காலு டிரெஸ்ஸிங் டேபிள் மேல இருக்கணும். இல்லேன்னா அந்தப் பொண்ண ஸ்கூலுக்குத் திருப்பி அனுப்பிடுங்க. அடுத்த வருஷத்துல இருந்து யாரும் வேணாம். சரிங்களா?”

அத்தனை ‘ங்க’வுக்கு நடுவில் நான் சின்னாபின்னமாகி வெளியே வந்தேன். கதவுக்கு வெளியே ஜெயந்தி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. அழவில்லை. “நானும் வரேன் மேடம். சொன்னது நான்தான” என்றாள். பள்ளிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ஒக்கலிபுரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். “வாங்கன்னு சொல்லக்கூடாது, வாங்கன்னு சொல்லக்கூடாது.”

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் வீடு. வண்டி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற வீடு. கோவிந்தசாமி கட்டிலில் சாய்ந்து காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். “நான் எப்பவோ ரெடி மேடம். ஹோம் மினிஸ்டர் சாங்ஷன் ஆவணும், அவ்ளோதான்” என்றார்.

ஹோம் மினிஸ்டர் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டே காபி கலந்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் திட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை போலிருக்கிறது. நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன், சீழைப் பற்றிச் சொன்னேன். ரயில் போனது, மறுபடி சொன்னேன்.

“எல்லாம் சரிம்மா. நீ படிச்சவ, சொல்ற. ஆனா வாயால ஒரு சொல்லு உழுந்துபோச்சு இல்ல?” என்றார் ராஜம்மா. “அந்த வாசப்படிய நாங்க மறுபடி மிதிச்சா அது நெசமாயிடும். அப்புறம் வந்துக்கினே இருப்போம். நான் அனுப்ப மாட்டேன்.”

காபி தீர்ந்தது. எழுந்தேன். அந்த மனிதரின் காலை இன்னொரு தடவை பார்த்தேன். கட்டின் ஓரத்தில் மஞ்சள் கறை ஊறியிருந்தது, வாடையும் லேசாக வந்தது. ஜெயந்தியும் எழுந்தாள். வாசலில் நின்று கைகூப்பி, பாடம் ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள்:

“போறேன் பாட்டி.”

ராஜம்மா கையிலிருந்த தம்ளர் கீழே விழாத குறை. “அடியே, இன்னா பேச்சு இது? வெளக்கேத்தற வூட்ல நின்னுக்கினு போறேங்கற? உங்கம்மா உன்ன எப்டி வளத்தா? போயிட்டு வரேன்னு சொல்லு.”

அதுவரை அழாத பெண் அப்போதுதான் உடைந்தாள். “எங்க எத சொல்றதுன்னே தெரில பாட்டி. அங்க வாங்கன்னா தப்பு. இங்க போறேன்னா தப்பு. எங்கம்மா நல்லாதான் வளத்தாங்க. எங்கப்பா கோலார்ல பூமிக்குள்ள எறங்கி வேல செஞ்சவரு. டியூட்டிக்குப் போறப்ப நான்தான் வாசல்ல நிக்கணும். போயிட்டு வாங்கப்பான்னு சொல்லணும். சொன்னாதான் மேல வருவாருன்னு அம்மா சொல்லும். ஜொரம் வந்து படுத்திருந்தாக்கூட தூக்கியாந்து நிக்க வெச்சு சொல்ல வைக்கும். தாத்தாவுக்கும் நல்லா இருக்கணும்னுதான் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சதுலயே நல்ல வார்த்த அதான் பாட்டி.”

கோலாரில் எங்கள் சுரங்க லைன் வீடுகளில் அதைக் கேட்டுத்தானே நானும் வளர்ந்தேன். ஷிப்டு சங்கு ஊதியதும் வாசலுக்கு வாசல் அந்தச் சத்தம் கேட்கும். புருஷன் பெண்டாட்டிக்குள் அடிதடிச் சண்டை நடந்தாலும் அதற்கு ஓர் இடைவேளை விட்டு, ‘போயிட்டு வா’ சொல்லி, மிச்சத்தை ஆள் மேலே வந்த பிறகு வைத்துக்கொள்வார்கள்.

ராஜம்மா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “வந்தாரா உங்கப்பன்?”

“வந்தாரு பாட்டி. தெனமும் வந்தாரு. இப்ப ஈஜிபுரால இருக்காரு.”

கட்டிலிலிருந்து கோவிந்தசாமி, “பார்த்தியா, ராசியான வாயி. அத போயி மண்ணெடுக்கப் பார்த்தியே” என்றார்.

“நீ சும்மா இரு” என்று அவரை அடக்கிவிட்டு, ராஜம்மா முந்தானையால் ஜெயந்தியின் முகத்தைத் துடைத்தார். “சரி, அழாத. நாளைக்கு இட்டாறேன். ஆனா ஒண்ணு. கட்டு மாத்திக்கினு நாங்க கெளம்பறப்ப அதே வாசல்ல, அதே எடத்துல நின்னு நீயே ‘போங்க’ன்னு சொல்லணும். சொன்ன வாயே திருப்பி வாங்கணும். இப்ப எங்க வூட்ல ஒழுங்கா சொல்லிட்டுப் போ.”

“போயிட்டு வரேன் பாட்டி” என்றாள் ஜெயந்தி.

வெள்ளிக்கிழமை காலையில் கூடம் திறக்கும்போதே வந்துவிட்டார்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தது. டாக்டர் மறுபடி கிழித்துச் சுத்தம் செய்தார். ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார். அந்த முறை கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருந்து, பள்ளிப் பிள்ளைகளின் கடைசி நாளில் வீட்டுக்கு அனுப்பினோம்.

வாசலில் ஒரு கல்யாணத்துக்குச் சேருகிற கூட்டம். செய்தி சமையலறைவரை போயிருந்தது. ஜெயந்தி பிரேக் போட்டு, கால் பலகையை மடக்கி, ஏற்றிவிட்டு, அதே மொசைக் சதுரத்தில் நின்று கைகூப்பினாள்.

“போங்க தாத்தா. போங்க பாட்டி. இனிமே இங்க வராதீங்க.”

ராஜம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அப்போது பார்த்து கோவிந்தசாமி ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, “வராம எப்டிம்மா? அடுத்த வாரம் தையல் பிரிக்கணும்னு டாக்டர் சொன்னாரே?” என்றார்.

ராஜம்மா அவர் தலையைப் பிடித்து உள்ளே தள்ளினார். “அது டாக்டர் சொன்னது. வாய மூடிக்கினு உக்காரு. டிரைவர், நீ வண்டிய எடுப்பா.”

அடுத்த வாரம் ஒழுங்காக வந்து தையல் பிரித்துக்கொண்டார்கள். வந்ததும் ராஜம்மா, “அந்தப் பொண்ணு எங்க?” என்றுதான் கேட்டார். பள்ளிக்குத் திரும்பிவிட்டாள் என்றதும் கொஞ்சம் வாடிப்போனார்.

அன்றைக்கு என் பின்னால் மேட்ரனின் குரல் கேட்டது. “சரோஜா, நீ இங்க வா.”

அந்த ‘நீ’யைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. “அடுத்த வருஷம் எத்தன பேரு அனுப்பறாங்கன்னு ஸ்கூல்ல கேட்டு வை. முதல் நாளே வாசல்ல என்ன சொல்லணும்னு சொல்லிக்குடு. நாற்காலி தள்றதுக்கு முன்னாடி” என்றார். அதுமுதல் எங்கள் முதல் பாடம் மாறியது. “தமிழா இருந்தா ‘நல்லா இருங்க’. கன்னடமா இருந்தா ‘சென்னாகி இரி’. வாங்க கிடையாது” என்று நான் சொல்ல, பிள்ளைகள் கோரஸாக ஒப்பிப்பார்கள். அந்தப் பாடம் நான் இருந்தவரை நடந்தது.

ஜெயந்தி நினைத்ததை முடித்தாள். நர்ஸிங் படித்து இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களிடமே ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தாள். முதல் நாள் யூனிஃபார்மில் வந்து நின்றவளைப் பார்த்து கெம்பம்மா, “நோடி மேடம், எக்ஸ்பீரியன்ஸ் வாபஸ் பந்துபிட்டிதே” என்றார், பாருங்க, திரும்பி வந்துடுச்சு என்று. மேட்ரன் ஸ்டெல்லா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இதைப் பார்க்கவில்லையே என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு குறைதான்.

சில வருடம் கழித்து ஓய்வு பெற என் முறை வந்தது. சால்வை, மாலை, வடை, காபி எல்லாம் ஆனது. பேசச் சொன்னார்கள், என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. சாயங்காலம் வாசலுக்கு வந்தேன். வரிசையாக நின்றிருந்தார்கள். இத்தனை வருடப் பழக்கம், நாக்கு வேறு எதைச் சொல்லும்? “போங்க மேடம், நல்லா இருங்க” என்றார்கள். கெம்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு “சென்னாகி இரி மேடம்” என்றார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு ‘போங்க’வுக்கும் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே இருந்தது. குணமான நோயாளியாட்டம் என்னை ஏற்றி அனுப்புகிறார்களே என்று தோன்றியது.

ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது மேல்வார்டிலிருந்து சரிவு வழியாக யாரோ ஓடிவருகிற சத்தம். ஜெயந்தி. டியூட்டியில் இருந்தவள், இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. அந்த மொசைக் சதுரத்தில் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

“போயிட்டு வாங்க மேடம்.”

கெம்பம்மா “ஏய்” என்று அவள் தோளைத் தட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை இறக்கவில்லை. எத்தனை ஆயிரம் பேரை நான் அந்த வாசலிலிருந்து அனுப்பியிருப்பேன், ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை எனக்கு வாயில் வந்தது.

“போயிட்டு வரேம்மா” என்றேன்.